அமாவாசைக்கு மறுநாள் எரிந்த மோட்டார்

நான் படித்த பாலிடெக்னிக்கில் மின்னியல் பிரிவு மாணவிகளிடம் பேச அழைத்திருந்தார்கள். "இன்சூரன்ஸ் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்" என்று மேடையில் என்னை அறிமுகம் செய்தார்கள். படிப்பு முடிந்த கையோடு சேர்ந்து, முப்பதைத் தொடுவதற்குள் விலகி வந்தவளுக்கு ஓய்வு என்பது பெரிய சொல். ஆனாலும் திருத்தவில்லை. அந்த வேலைக்கு நான் திரும்பப் போவதில்லை என்ற அளவில் அது சரிதான்.

பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "இப்பல்லாம் சின்ன மெஷின் எரிஞ்சா நேர்ல ஆள் வர்றதில்லையாமே மேடம்? போட்டோ எடுத்து அனுப்பினா போதுமாம். அது நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். நல்லது என்றேன். ஏன் என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஒரு மெஷினை நேரில் பார்ப்பதற்காகவே படித்த நான் அப்படி ஏன் சொன்னேன் என்பதை அவளுக்காக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு சர்வேயரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். நிலம் அளக்கிற சர்வேயர் அல்ல. இன்சூரன்ஸ் செய்த பொருள் எரிந்தாலோ உடைந்தாலோ நேரில் போய்ப் பார்த்து, எதனால் ஆனது, எவ்வளவு நஷ்டம், பாலிசிப்படி பணம் கொடுக்கலாமா கூடாதா என்று கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிறவர். ஊரில் பாதிப் பேர் கடைசிவரை எங்களை நிலம் அளக்கிறவர்களாகவே நினைத்தார்கள். எங்கள் ஆபீஸுக்குக் கீழே இருந்த டீக்கடைக்காரர் தன் மனைத் தகராறை என்னிடம் பலமுறை விளக்கியிருக்கிறார்.

எங்களிடம் வந்தவை பெரிய தொழிற்சாலைகளின் கேஸ்கள் இல்லை. பட்டு முறுக்கும் மெஷின், விசைத்தறி, மாவு மெஷின், ஜெராக்ஸ் மெஷின், ஐஸ் பெட்டி, லேத் பட்டறை மோட்டார். எல்லாம் பாங்குக் கடனில் வாங்கியவை. பாங்கு கேட்டதால் இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள். பாலிசியைப் படித்திருக்க மாட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். நாங்கள் கேட்டால் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பார்கள்.

நான் தெள்ளார் பக்கத்துப் பெண். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். வீட்டில் முதலில் டிப்ளமோ முடித்தது நான்தான். வேலையைக் கற்றுக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. போனதும் எதையும் தொடாதே. முதலில் நான்கு பக்கமிருந்தும் போட்டோ. பிறகு மெஷினின் நம்பர் பலகை. பிறகு ஸ்விட்ச், ஃபியூஸ், ஸ்டார்ட்டர், வயர் என்று கரண்ட் வருகிற வழியிலேயே நடந்து மோட்டார் வரைக்கும் வா. பிறகுதான் திருப்புளியை எடு. இந்த வரிசையை இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எங்கள் சாரின் பெயர் சபாபதி. சென்னைக்காரர். அரைக்கை வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். நஷ்டப்பட்டவர் வீட்டில் உட்கார மாட்டார், தண்ணீர்கூட குடிக்க மாட்டார். கை நீட்டி ஒரு பைசா வாங்கியதில்லை. அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. எரிந்த பொருளைப் படம் பிடிக்கும்போது அளவு தெரிவதற்காகத் தன் பேனாவை அதன் மேல் வைப்பார். எடுத்து முடித்ததும் பேனாவைக் கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். அப்புறம்தான் அவருடைய உண்மையான வேலை தொடங்கும். அதற்கு அவர் வைத்திருந்த கருவி ஒரே ஒரு சொல்.

"அப்புறம்?"

குறுக்குக் கேள்வி கிடையாது, மிரட்டல் கிடையாது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்புறம்?" என்பார். பிறகு பேசாமல் நிற்பார். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வீட்டுக்கு வந்த பெரிய மனுஷர் எதிரில் சும்மா நிற்கத் தெரியாது. ஏதாவது சொல்லியாக வேண்டும் போல் இருக்கும். சொல்வார்கள்.

பெரணமல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷின் உள்ளே புகைந்து நின்றுவிட்டது. நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஆரம்பித்தார்.

"எலிதான் சார். உள்ள பூந்து ஒயர கட்சிட்டுது."

"அப்புறம்?"

"அது ரொம்ப நாளா இங்கதான் கீது சார். நம்ம கஸ்டமர் மாதிரி."

"அப்புறம்?"

"பொறி வெக்கலாம்னு பாத்தேன். எங்க வீட்டம்மா, பிள்ளையார் வாகனம், வாணாம்னுட்டாங்க. வெள்ளிக்கெழமைல ரெண்டு கடலை வேற வெப்பாங்க சார் அதுக்கு."

அந்த க்ளெய்ம் அத்தோடு முடிந்தது. எலி, பூச்சியால் வரும் சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லை. அதுவும் கடலை போட்டு வளர்த்த எலி. படி இறங்கும்போது சார் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொல்லிக்கொடுத்ததில் தப்பு எதுவும் அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் சொன்னது நடந்த விஷயம். சார் நடந்ததைத்தான் எழுதினார்.

வசந்தாவின் கேஸ் அப்படி இல்லை.

வசந்தாவும் அவள் வீட்டுக்காரர் ஏழுமலையும் பல வருடம் ஒரு முதலாளியிடம் பட்டு முறுக்கும் வேலைக்குக் கூலிக்குப் போனவர்கள். பிறகு பாங்குக் கடனில் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி வீட்டுப் பின்கட்டில் போட்டார்கள். வியாபாரிகள் கச்சாப் பட்டைக் கொடுத்தால் முறுக்கிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து தெருவில் அவளுக்கு 'மிஷின்கார வசந்தா' என்று பெயர் வந்தது. நாங்கள் வீடு தேடிப் போனபோது முனைக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டினார்கள்.

நாங்கள் போனதற்கு முந்தின நாள் காலையில் மெஷினைப் போட்டிருக்கிறாள். சிறிது நேரத்தில் மோட்டாரிலிருந்து புகை. ஸ்விட்சை நிறுத்துவதற்குள் தீ பெல்ட்டில் ஏறி, பட்டு நூல் சுற்றிய கண்டுகளைப் பிடித்து, மரச்சட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. தெருவே கூடி மணலைக் கொட்டி அணைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோதும் பின்கட்டில் முடி பொசுங்கிய நாற்றம் இருந்தது. பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும்.

நான் என் வரிசைப்படி போட்டோ எடுத்து, வயரைப் பார்த்து, ஸ்டார்ட்டரைப் பார்த்து, மோட்டாரை வாசலுக்கு இழுத்துவந்து மூடியைக் கழற்றினேன். மூன்று ஃபேஸ் மோட்டார். உள்ளே கம்பிச் சுற்றுகள் மூன்று கூட்டமாக இருக்கும். இரண்டு கூட்டம் கரியாகியிருந்தது. ஒன்று மட்டும் வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது. இதற்கு ஒரே அர்த்தம்தான். வெளியே கம்பத்திலிருந்து வரும் மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்திருக்கிறது. மிச்ச இரண்டையும் வைத்துக்கொண்டு மோட்டார் இழுக்க முடியாமல் இழுத்து வெந்திருக்கிறது. அந்தக் காலத்து மலிவு ஸ்டார்ட்டர்கள் பல சமயம் இதைக் கண்டுபிடித்து நிறுத்தாது. எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நேத்து கார்த்தால எங்க வரிசைல லைட்டே எரியலம்மா. அந்தாண்ட வரிசைல எரியுது, எங்குளுக்கு இல்ல. ஆபீஸ்ல சொல்லி ஆள் வந்து கம்பத்துல ஃபீஸ் போடவே மத்தியானம் ஆச்சு. ஒரே பேஜாரு."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் நல்லாத்தான் எரிஞ்சுது."

படித்த பாடம் அப்படியே கண் எதிரில் இருந்தது. எளிய கேஸ் என்று நினைத்தேன்.

உள்ளே வசந்தா அழுதுகொண்டிருந்தாள். கருகிய சட்டத்தின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ராகம் போட்டு அழுதாள்.

"முந்தின நாளே உறும்னியே, மூச்சு முட்டிக் கூப்ட்டியே... காதுல வாங்காத பாவி ஓட்டிகினே இருந்தேனே... சோறு போட்ட தாயே, நாந்தாண்டி உன்ன கொன்னுட்டேன்..."

சார் சற்றுக் குனிந்து, மிக மென்மையாக, "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் இன்னாங்க இருக்குது? உறுமிச்சுங்க. நான் கேக்கலைங்க. எல்லாம் நான் செஞ்ச பாவம்ங்க."

வாசலில் இருந்த எனக்கு இது காதில் விழுந்தது. அதில் எழுதுவதற்கு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் சித்தப்பா பாம்பு கடித்து இறந்தபோது சித்தி, "போகாத போகாதன்னு பல்லி சொல்லிச்சே, கேக்காம நாந்தானே அனுப்பி வெச்சேன்" என்று அழுதாள். சித்தப்பா வயலுக்குப் புறப்பட்ட அன்று சித்தி ஊரிலேயே இல்லை, கரும்பு வெட்டப் போயிருந்தாள். அங்கே கூடியிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவரும் அவளைத் திருத்தவில்லை. எங்கள் பக்கத்தில் சாவுக்கு அழுகிறவர்கள் பழியைத் தூக்கித் தங்கள் தலையில் போட்டுக்கொண்டுதான் அழுவார்கள். நெருங்கியவருக்குத்தான் அந்த உரிமை. வசந்தா அந்த மெஷினுக்கு அதைச் செய்தாள்.

சார் தன் அழகான கையெழுத்தில் எழுதி முடித்து, அவளுக்கு வாசித்துக் காட்டினார். "மோட்டாரில் முந்தைய தினமே வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டும், நான் தொடர்ந்து இயந்திரத்தை இயக்கினேன்." நான் உள்ளே வந்தபோது அவள் மூக்கைச் சிந்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது, தொழில்நுட்பக் குறிப்பு எழுத ஃபைல் என் மேசைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நேராக சாரிடம் போய், யோசித்து வைத்திருந்த வரிசையில் சொன்னேன். ஒன்று, ஃபேஸ் போனதால்தான் மோட்டார் எரிந்தது. சரி என்றார். இரண்டு, ஃபேஸ் போனது தீப்பிடித்த அன்று காலையில், எதிர் வீட்டில் விளக்கு எரியாததே சாட்சி. அதற்கும் சரி என்றார். மூன்று, அதற்கு முந்தின நாள் அமாவாசை.

"இருக்கட்டும். அதுக்கு?"

"அமாவாசைல ஆரணில எதுவும் ஓடாது சார். தறி, முறுக்கு மெஷின், எல்லாத்துக்கும் லீவு. ஓடாத மோட்டார் எப்படி சார் உறுமும்? அவங்க ஒப்பாரி வெச்சாங்க. எங்க பக்கம் அப்படித்தான் அழுவோம்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீ சொல்லு. ஃபேஸ் சரியில்லன்னா மோட்டார் என்ன செய்யும்?"

"உறுமும்."

"அந்தம்மா டிப்ளமோ படிச்சவங்களா?"

"இல்ல சார்."

"படிக்காத ஒரு அம்மா, ஃபேஸ் போற மோட்டார் எப்படிச் சத்தம் போடும்னு சரியாச் சொல்றாங்க. கேக்காம எப்படிச் சொன்னாங்க? கம்பத்துல அந்த ஃபேஸ் முந்தின நாளே விட்டு விட்டு வந்திருக்கும். அமாவாசைல ஓட்டக் கூடாதுங்கறது வழக்கம். ஓட்டலங்கறதுக்கு அத்தாட்சி இல்ல. கல்யாண மாசம், பட்டு அவசரமா வேணும். கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டியிருக்காங்க. அதான் மனசு உறுத்திருக்கு."

நான் சொன்ன மூன்றையும் அவர் தள்ளவில்லை. மூன்றையும் எடுத்து அடுக்கி அவளுக்கு எதிராகவே ஒரு சுவர் கட்டினார். எங்கும் ஓட்டை இல்லை. என் குறிப்பை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அறிக்கையோடு இணைத்தார். அதற்கு மேலே அவள் வாக்குமூலத்தை வைத்தார். மெஷினில் கோளாறு என்று தெரிந்தும் ஓட்டினால் அது தெரிந்தே செய்த கவனக்குறைவு. அதற்குப் பாலிசி பொறுப்பில்லை.

கம்பெனிக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் வசந்தாவும் ஏழுமலையும் ஆபீஸுக்கு வந்தார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஏழுமலைதான் பேசினார்.

"அமாவாசல மிஷின் ஓட்னோம்னு போட்டுக்கிறீங்களே சார்? நாங்க இன்னா அப்படிப்பட்ட குடும்பமா? தெருவுல வந்து கேட்டுப் பாருங்க சார்."

"தெருவைக் கேட்டு நான் எழுத முடியாதுப்பா. உங்க வீட்டம்மா சொன்னதை எழுதினேன்."

வசந்தா சொன்னாள்: "நான் அழுதேங்க."

"என்ன சொல்லி அழுதீங்க?"

"அழுவ சொல்ல வாய்ல வர்றதுதாங்க. அதப் போயி யாராவது கணக்குல வெப்பாங்களா?"

"அப்படின்னா முந்தின நாள் சத்தம் கேக்கல?"

"மிஷினே ஓடலைங்களே."

"அப்ப அன்னிக்கு எங்கிட்ட சொன்னது பொய்யா?"

சார் அதே மென்மையான குரலில் விளக்கினார். முதலில் சொன்னது உண்மை என்றால் கவனக்குறைவு, பணம் கிடையாது. பொய் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொய்த் தகவல் கொடுத்தது, அதற்கும் பணம் கிடையாது. இதில் எது என்று அவளே சொல்லலாம், அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"ரெண்டும் இல்லீங்க" என்றாள் வசந்தா.

"அப்புறம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான், "சார், அது எங்க வழக்கம்..." என்று ஆரம்பித்தேன். "நீ அவங்களுக்கு வக்கீலாம்மா?" என்றார். சத்தம் போடாமல்தான் கேட்டார். பிறகு கம்பெனிக்கு நானே தனியாக ஒரு கடிதம் எழுதினேன். உதவியாளரின் கருத்து தேவையில்லை என்று அது எங்கள் ஆபீஸுக்கே திரும்பி வந்தது. சார் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மெஷினின் இரும்புப் பகுதி எடைக்குப் போயிற்று. ஏழுமலை விசைத்தறிக் கூலிக்குப் போனார். வசந்தா முன்பிருந்த அதே முதலாளியின் பட்டறைக்கு, அதே இடத்தில் நின்று கண்டு மாற்றும் வேலைக்குத் திரும்பினாள். இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடிதத்தில் இருந்தது எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அமாவாசையில் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் ஓட்டியவள், அதனால்தான் எரிந்தது என்று பேசினார்கள். அன்றைக்கு மணல் கொட்டி அணைத்த அதே ஆட்கள். அவள் வீட்டில் மெஷின் ஓடியிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காதா? யாரும் அதை யோசிக்கவில்லை. கம்பெனிக் காகிதத்தில் அச்சில் வந்துவிட்டதல்லவா.

அந்த வேலையில் மேலும் சில வருடம் இருந்தேன். வீட்டுக்கு என் சம்பளம் தேவைப்பட்டது. திருப்புளியும் கேமராவுமாக தேசூருக்கும் வந்தவாசிக்கும் போய்வந்தேன். யாராவது பேச ஆரம்பித்தால் மோட்டார் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பிறகு வசந்தாவின் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு விசைத்தறிக் கொட்டகை எரிந்தது. தனபால் என்பவருடையது. மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாக இருந்தார். தறிகளை அவர் மனைவி லட்சுமிதான் பார்த்துக்கொண்டாள். நாங்கள் போனபோது கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லட்சுமி. அவளை ஒட்டி வசந்தா. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஒரு விசும்பல்கூட இல்லை.

சார் பேனாவைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு லட்சுமி எதிரில் வந்து நின்றார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"தீ புடிச்சிச்சுங்க."

"அப்புறம்?"

"அணைச்சோம்ங்க."

"அப்புறம்?"

லட்சுமியின் உதடு துடித்தது. தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. வசந்தா பக்கவாட்டில் கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள். சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தினாள். சார் காத்திருந்தார். பெண்களும் காத்திருந்தார்கள். என் அனுபவத்தில், நஷ்டம் பார்க்கப் போன வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பதில் வராமல் போனது அங்கே மட்டும்தான்.

வெளியே வந்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதியபடியே வாய்விட்டுச் சொன்னார்: "இழப்பு நேர்ந்த வீட்டாரிடம் வருத்தத்தின் அறிகுறி எதுவும் காணப்படவில்லை. விசாரணைக்கு உரியது." அழுதால் ஒரு காரணம், அழாவிட்டால் ஒரு காரணம். அவர் அதைத் தந்திரமாகச் செய்யவில்லை. கண்ணில் பட்டதை உண்மையாக எழுதுவதாகவே நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. சாய்த்து நிமிர்த்தி உதைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் போய்விட்டோம் என்று உள்ளே நினைத்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து லட்சுமியின் குரல் எழுந்தது. கூடவே மற்றப் பெண்களின் குரல்களும்.

சார் உதைப்பதை நிறுத்தினார். "என்ன சொல்றாங்க? ஒரே இழுவையா இருக்கு, புரியல. உனக்குத்தான் இந்த ஊர்ப் பேச்சு தெரியுமே. போய்க் கேட்டுட்டு வா."

போய்க் கதவோரம் நின்றேன். லட்சுமி மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பொறி பறந்ததைப் பார்த்தேனே, பார்த்தும் பேசாமல் இருந்தேனே, என் கையாலேயே கொளுத்திவிட்டேனே என்றாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வசந்தா திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளிறிப் போயிற்று.

நான் திரும்பி வந்து, "ஒண்ணும் சொல்லல சார். அழறாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அவர் தாளை எடுத்து அந்த வரியை அடித்தார். நேர்மையான மனிதர்.

லட்சுமிக்குப் பணம் வந்தது. முழுதாக இல்லை, ஆனால் தறிகளை மறுபடி ஓட்ட முடிகிற அளவுக்கு வந்தது. நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். ஊருக்குப் போகப் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, பட்டறை விட்டு வந்துகொண்டிருந்த வசந்தா என்னைப் பார்த்து நின்றாள்.

"லட்சுமிக்கு வந்துடுச்சாமே தங்கச்சி."

"ஆமாங்க்கா."

"நல்லாருக்கட்டும். புள்ளைங்க வெச்சிகினு கீது." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கையெல்லாம் பட்டுத் தூசி ஒட்டியிருந்தது. "அன்னிக்கி நீயும் வாசல்ல தான குந்திகினு இருந்த, மோட்டார பிரிச்சிகினு?"

"ஆமா."

"எட்ட கூட இல்ல" என்றாள். "ஓடியாந்து என் வாயப் பொத்தியிருக்கலாம்."

பஸ் வந்துவிட்டது. பையை வாங்கிப் படியில் ஏற்றிவைத்தது அவள்தான்.